அறுபது வயது விமானத்தில் இருபத்துமூன்று வயது மாணவர்: பழைய பயிற்சி விமானங்கள் பற்றிக் கேள்வி பதில்

பயிற்சி விமானம் ஒன்று விழுந்த செய்தி வந்தால் போதும். அரை மணி நேரத்துக்குள் "ஓட்டை விமானம், வேற என்ன ஆகும்" என்று நாலு பேராவது சொல்லிவிடுகிறார்கள். அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க அமெரிக்க விமானப்படையின் டி-38 டாலன் நல்ல உதாரணம். 1961 முதல் இன்றுவரை இடைவெளியே இல்லாமல் மாணவர்களைச் சுமந்து பறக்கிற ஜெட் அது. கிழடு தட்டிய விமானத்துக்குச் செய்யக்கூடிய வைத்தியம் எல்லாவற்றையும் அதற்குச் செய்துபார்த்துவிட்டார்கள். நம்முடைய பயிற்சி விமானங்களான தீபக், கிரண் கதை பின்பாதியில் வருகிறது.

டி-38 எப்படிப்பட்ட விமானம்? உண்மையில் எவ்வளவு பழசு?

நார்த்ராப் நிறுவனம் செய்தது. முதலில் பறந்தது 1959 ஏப்ரல் 10-ல். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் (சூப்பர்சானிக்) உலகின் முதல் பயிற்சி விமானம் இதுதான். 1961-லிருந்து 1972 வரை 1,100-க்கும் மேல் தயாரித்தார்கள், அதோடு உற்பத்தி நின்றது. அப்படியென்றால் இருப்பதிலேயே இளையதற்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது. முன்னால் மாணவர், பின்னால் ஆசிரியர், வால்பக்கம் இரண்டு சின்ன ஜெட் என்ஜின்கள். 72,000-க்கும் அதிகமான விமானிகள் இதில் பழகியிருக்கிறார்கள். நாசாவின் விண்வெளி வீரர்களும் பறப்புப் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க இதைத்தான் ஓட்டுகிறார்கள்.

இதன் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 7.7 மீட்டர்தான். நம்மூர் டவுன் பஸ்ஸின் நீளம்கூட இல்லை. இறக்கை இவ்வளவு சின்னது என்பதால் மெதுவாகப் பறக்க வராது. தரையிறங்க வரும்போதே மணிக்குச் சுமார் 290 கிலோமீட்டர் வேகம் இருக்க வேண்டும். பின்னால் விபத்து பற்றிப் பேசும்போது இந்த எண் தேவைப்படும்.

ஐம்பது வருடம் ஆன காரில் ஏற யோசிக்கிறோம். விமானத்தில் எப்படி ஏறுகிறார்கள்?

விமானத்தின் வயதைக் காலண்டரை வைத்து மட்டும் சொல்ல முடியாது. எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை முறை தரையைத் தொட்டது, திருப்பங்களில் எடையைப் பல மடங்காக்கி அழுத்தும் ஜி விசையை எவ்வளவு தாங்கியது என்ற மூன்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பயணிகள் விமானம் ஒருமுறை ஏறினால் பல மணி நேரம் ஒரே சீராகப் பறந்துவிட்டு ஒருமுறை இறங்கும். பயிற்சி விமானத்தின் பிழைப்பு வேறு மாதிரி. ஒரே மணி நேரத்தில் ஐந்தாறு முறை ஓடுபாதையைத் தொட்டு எழும்பும். மாணவர் தடாலென்று இறக்குவார், தேவைக்கு மேல் இழுப்பார், ஆசிரியர் சரிசெய்வார். டிரைவிங் ஸ்கூல் காரின் கிளட்சை நினைத்துக்கொள்ளுங்கள்.

பக்கெட்டின் கைப்பிடிக் கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் படக்கென்று முறிகிறதே, அந்த உலோகச் சோர்வுதான் இங்கே எதிரி. எஃகில் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே எத்தனை முறை மடக்கினாலும் தாங்கிக்கொள்ளும் எல்லை ஒன்று உண்டு. அலுமினியக் கலவைகளில் அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சின்னச் சின்ன அழுத்தமும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். பெரும்பாலும் ரிவெட்டோ போல்ட்டோ போகும் ஓட்டையின் ஓரத்தில், தலைமுடியைவிட மெல்லியதாக விரிசல் தொடங்கும்.

டி-38-க்கு இன்னொரு சிக்கல் வந்தது. 1950-களில் வரைபடம் போட்டவர்கள் மாணவர் பயிற்சியை மனதில் வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். 1970-களில் அதே விமானத்தைப் போர் விமானத்துக்குப் போகும் முன்னோட்டப் பயிற்சிக்கும் எடுத்தார்கள். அங்கே திருப்பங்கள் கடுமை, ஜி அதிகம். கணக்கில் இல்லாத வேகத்தில் இறக்கைகள் மூப்படைந்தன. அதனால் தடித்த தோல் கொண்ட புது இறக்கையை வடிவமைக்க வேண்டிவந்தது. ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு விமானங்களில் ஒன்று இளமையாகவும் மற்றது கிழடாகவும் இருப்பது இப்படித்தான். அதனால்தான் ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக ஜாதகம் எழுதிவைக்கிறார்கள்.

விரிசல் விழுந்தால் உடனே நிறுத்திவிட மாட்டார்களா?

விரிசல் எப்போதுமே இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் வேலையே தொடங்குகிறது. இந்தப் பாடத்தை அமெரிக்கர்கள் உயிர் கொடுத்துக் கற்றார்கள்.

1958-ல் பி-47 குண்டுவீச்சு விமானங்கள் அடுத்தடுத்து நடுவானில் உடைந்தன. காரணம் உலோகச் சோர்வு. அதன் பிறகுதான் விமானக் கட்டமைப்பைத் தொடர்ந்து கண்காணிக்கும் திட்டம் பிறந்தது. மாதிரி விமானத்தைச் சோதனைக்கூடத்தில் போட்டு வளைத்து ஆயுளைக் கண்டுபிடி, அதில் ஒரு பங்கை மட்டும் பறக்க அனுமதி என்பது அன்றைய சிந்தனை. 1969 டிசம்பரில் நெவாடாவில் ஒரு எஃப்-111 விமானத்தின் இறக்கை பிய்ந்துபோனது. அது பறந்திருந்ததே சுமார் நூறு மணி நேரம்தான். இறக்கை முன்னும் பின்னும் திரும்பும் மூட்டின் எஃகை அடித்து உருவாக்கும்போதே குறை விழுந்து, எந்தப் பரிசோதனையிலும் சிக்காமல் வெளியே வந்திருக்கிறது. புத்தம்புது விமானத்தில் அப்படி நடந்தால் ஆயுள் கணக்கு போட்டு என்ன பயன்?

அதிலிருந்து கேள்வியையே மாற்றிக்கொண்டார்கள். "இந்த இடத்தில் கண்ணுக்குத் தப்பிய விரிசல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது கண்டுபிடிக்கும் அளவுக்கு வளர எத்தனை மணி? அங்கிருந்து முறியும் அளவுக்கு வளர எத்தனை மணி?" இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நேரத்தைப் பாதியாக வெட்டி, அந்த இடைவெளியில் ஒவ்வொரு முறையும் சோதிப்பார்கள். ஒருமுறை கோட்டைவிட்டாலும் முறிவதற்கு முன் இன்னொரு வாய்ப்பு இருக்கும். பழைய விமானம் பாதுகாப்பாகப் பறப்பதற்குப் பின்னால் உள்ள சூட்சுமம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். நம்பிக்கைக்கு இதில் இடமே இல்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

கண்ணுக்கே தெரியாததை எப்படிப் பார்க்கிறார்கள்?

பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு ஒளிரும் சாயத்தைத் தடவி, துடைத்து, புற ஊதா விளக்கில் பார்த்தால் விரிசலுக்குள் தங்கிய சாயம் கோடாக மின்னும். ஓட்டைக்குள் சுழல் மின்னோட்டக் கருவியின் முனையை விட்டால், விரிசல் உள்ள இடத்தில் சமிக்ஞை குதிக்கும். உள்ளே புதைந்ததற்கு அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே. எஃகுப் பாகங்களுக்குக் காந்தத் துகள். எல்லாமே ஆஸ்பத்திரி மாதிரிதான் கேட்கிறது. ஆனால் இங்கே நோயாளி வலிக்கிறது என்று சொல்ல மாட்டார், பார்க்கச் சொன்ன இடத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்ற பட்டியலில் ஒரு மூலை விடுபட்டால் அந்த மூலையில் கருவி படவே படாது.

துருவும் அரிப்பும் தனிக் கதை. அழுத்தத்தோடு ஈரமும் சேர்ந்தால் சில பழைய அலுமினியக் கலவைகள் பறக்காமல் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) நிற்கும்போதே விரிசல் விடும். "கம்மியாகப் பறந்த விமானம், நல்ல கண்டிஷன்" என்று செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிற மாதிரி இங்கே பேச முடியாது.

பழசைப் புதுப்பிக்கிறோம் என்கிறார்களே, எதை மாற்றுகிறார்கள்?

டி-38-க்கு 1980-களிலேயே "பேசர் கிளாசிக்" என்ற பெயரில் கட்டமைப்புப் புதுப்பிப்பு தொடங்கியது. 2015 வாக்கில் அதன் மூன்றாம் சுற்று. டெக்சஸில் சான் அன்டோனியோ அருகே உள்ள ராண்டால்ஃப் தளத்துக்கு விமானத்தைக் கொண்டுவந்து, எலும்புக்கூடு தெரியும்வரை கழற்றுவார்கள். உடலின் நீளவாக்கில் ஓடும் லாஞ்சரான் சட்டங்கள், குறுக்குச் சட்டங்கள், தோல் தகடுகள் எனச் சோர்ந்தவற்றை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பொருத்துவார்கள்.

சொல்ல எளிது. முதுகெலும்பு மாதிரியான ஒரு சட்டத்தை எடுத்துவிட்டால் மீதி உடம்பு தொய்ந்துவிடும். அதனால் முதலில் விமானத்தை ஒரு பெரிய பிடிசட்டத்தில் இறுக்கி நிறுத்த வேண்டும். அறுபது வருடத்துக்கு முன் கையால் துளையிட்ட ஓட்டைகள் வரைபடத்தில் இருக்கும் இடத்தில் துல்லியமாக இருக்காது. ஒரு விமானத்தில் இருப்பதுபோல் அடுத்ததில் இருக்காது. புதிய சட்டத்தைக் கம்ப்யூட்டர் இயந்திரம் மில்லிமீட்டர் சுத்தமாகச் செய்து தரும், ஆனால் அது போய் உட்கார வேண்டிய உடம்பு அப்படிச் சுத்தமானதில்லை. ஒவ்வொன்றுக்கும் அளந்து, இழைத்து, பொருத்திப் பார்த்துத்தான் ரிவெட் அடிக்க வேண்டும். பழைய வீட்டுக் கதவுக்குப் புது நிலை வைத்த ஆசாரியைக் கேட்டால் இந்த அவஸ்தையைச் சொல்வார்.

இதோடு இறக்கைகளையும் புதிதாகச் செய்து மாற்றினார்கள். இறக்கை புதிது, உடம்பின் சட்டங்கள் புதிது, காக்பிட் புதிது என்று போனால் அது பழைய விமானம்தானா என்று கேட்கலாம். வால்பகுதியில் பதித்த வரிசை எண் மட்டும் பழசு என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றும். ஆனால் மாற்றாமல் விட்ட பாகங்களுக்குப் பழைய வயதே தொடர்கிறது. அவற்றைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

காக்பிட்டில் கம்ப்யூட்டர் திரை வைத்துவிட்டால் பாதுகாப்பு கூடுமா?

கொஞ்சம் கூடும். எதிரே வரும் விமானத்தைக் காட்டும் கருவி, ஜிபிஎஸ், கண்ணுக்கு நேராக வேகத்தையும் உயரத்தையும் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே எல்லாம் டி-38சி என்ற மேம்பட்ட வடிவில் வந்தன. போயிங் நிறுவனம் செய்துகொடுத்த அந்த வேலை 2007 வாக்கில் முடிந்தது. முதல் காரணம் என்னவோ பாதுகாப்பு இல்லை. எஃப்-22, எஃப்-35 போன்ற நவீனப் போர் விமானம் ஓட்டப்போகிற மாணவர் முள் ஆடும் வட்ட மீட்டரில் பழகினால் அங்கே போய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

திரை வந்ததால் வந்த புது ஆபத்தும் உண்டு. தலையைக் குனிந்து பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கும் மாணவர் வெளியே பார்க்க மாட்டார். மணிக்கு 290 கிலோமீட்டரில் இறங்கும்போது மூன்று விநாடி குனிந்தால் கால் கிலோமீட்டர் போய்விடும்.

எஜெக்‌ஷன் சீட்டை ஏன் மாற்றினார்கள்? பழையது வேலை செய்யவில்லையா?

ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே வீசும் சீட் அது. வேலை செய்தது, ஆனால் அதற்கு நிபந்தனைகள் இருந்தன. 1964 அக்டோபர் 31 அன்று விண்வெளி வீரர் தியோடர் ஃப்ரீமன் ஹூஸ்டன் அருகே எலிங்டன் தளத்தில் டி-38-ஐத் தரையிறக்க வந்தபோது ஒரு வாத்துப் பறவை மோதியது. என்ஜின்கள் நின்றன. அவர் வெளியே குதித்தார், ஆனால் உயரம் போதவில்லை, பாராசூட் முழுதாக விரியும் முன் தரை வந்துவிட்டது.

விமானப் பயிற்சியில் ஆபத்து மிகுந்த நேரமே இதுதான்: கிளம்பும்போதும் இறங்கும்போதும், தரைக்குப் பக்கத்தில், வேகம் குறைந்த நிலையில். பழைய சீட் அங்கேதான் பலவீனம். முன்னோக்கிய வேகம் ஓரளவு இருந்தால்தான் காப்பாற்றும். பின்னால் பொருத்திய பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் சீட் ஓடுபாதையில் அசையாமல் நிற்கும்போதும் ஆளை மேலே தூக்கி, பாராசூட்டை விரித்து, உயிரோடு இறக்கும். இரண்டு சீட்டும் ஒன்றோடொன்று மோதாத வரிசையில் கிளம்பும் ஏற்பாடும் சேர்ந்தது. உயரம் குறைந்த, எடை குறைந்த விமானிகளுக்கும் பொருந்தும். பெண் விமானிகள் எண்ணிக்கை கூடியபோது இது சின்ன விஷயமாக இருக்கவில்லை.

என் கணக்கில், பழைய பயிற்சி விமானத்தில் ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் சீட்டை மாற்ற வேண்டும். திரை, ரேடியோ எல்லாம் பிறகு. சீட்டுக்கும் பராமரிப்பு உண்டு என்பதை மறக்கக் கூடாது. அதை உதைத்துத் தள்ளும் வெடிமருந்துக் குப்பிகளுக்கு மருந்துக் கடை மாத்திரை மாதிரி காலாவதித் தேதி உண்டு. ஒருமுறைகூடப் பயன்படுத்தாமலேயே தேதி வந்ததும் கழற்றி எறிய வேண்டும்.

என்ஜின்?

ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜே85. பிறந்த கதை சுவாரசியமானது. எதிரியின் ரேடாரை ஏமாற்றப் பறக்கவிடும் "குவெயில்" என்ற பொய்க்குறி ஏவுகணைக்காக வடிவமைத்த என்ஜின் இது. ஒரு தடவை பறந்தால் போதும் என்று நினைத்த சாதனத்தின் என்ஜின், மனிதரைச் சுமந்து அறுபது வருடமாக ஓடுகிறது.

மேம்பாட்டுத் திட்டத்தில் முக்கியப் பாகங்களை மாற்றி, காற்று உள்வாங்கும் வாயையும் திருத்தினார்கள். வெயில் நாளில் கிளம்புவதற்குக் கூடுதல் உந்துவிசை கிடைத்தது. தலைவலி இப்போது வேறு இடத்தில். சின்னப் பாகம் ஒன்றைச் செய்துகொடுத்துக்கொண்டிருந்த பட்டறை மூடிவிட்டால் அதற்குப் பதில் ஆள் கிடைப்பதில்லை. சில வருடங்களுக்கு முன் முழுப் பழுதுபார்ப்பிலிருந்து என்ஜின்கள் போதுமான வேகத்தில் திரும்பாததால் டி-38-கள் என்ஜின் இல்லாமல் நின்றன, மாணவர்களின் பயிற்சி தள்ளிப்போனது. அப்படி நேரும்போது ஹேங்கரில் நிற்கும் ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவார்கள். ஒரு வேலை இரண்டு வேலையாகும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் தப்பு நேர இன்னொரு வாய்ப்பு சேரும்.

"இந்த விமானம் இன்று பறக்கலாம்" என்று யார் சொல்வது?

விமானி இல்லை, தளபதியும் இல்லை. அமெரிக்க விமானப்படையில் ஒவ்வொரு விமானத்துக்கும் 781 என்ற எண்ணுள்ள படிவக் கட்டு உண்டு. அதில் ஒரு குறைக்கு எதிரே சிவப்பில் பெருக்கல் குறி போட்டுவிட்டால் விமானம் நகராது. சரிசெய்த டெக்னீஷியனே அந்தக் குறியை அழித்துவிட முடியாது. அதற்கென அதிகாரம் பெற்ற இன்னொருவர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சிவப்பில் சாய்ந்த ஒற்றைக் கோடு போட்டிருந்தால், குறை இருக்கிறது ஆனால் பறக்கலாம் என்று அர்த்தம். நம் விமானப்படையில் இதே வேலையைப் படிவம் 700 செய்கிறது. பிரிட்டிஷ் காலத்திலிருந்து வந்த பெயர்.

பழைய விமானத்தின் நிஜமான என்ஜின் இந்தக் காகிதம்தான் என்று எனக்குத் தோன்றும். ஆசிரியர் மாணவரின் தடால் இறக்கத்தைச் சங்கடப்பட்டு எழுதாமல் விட்டால், சக்கரக் காலின் வேரில் விழுந்த விரிசலுக்கு யாரும் கருவி வைக்கப் போவதில்லை. கடுமையான இறக்கத்தைத் தானே முன்வந்து எழுதுகிறவரைத் திட்டும் தளத்தில் புது விமானமும் ஆபத்து.

இவ்வளவு செய்தும் டி-38 விழுகிறதே?

விழுகிறது. 2008-ல் ஏப்ரல் 23 அன்று மிசிசிப்பியின் கொலம்பஸிலும், எட்டு நாள் கழித்து டெக்சஸின் ஷெப்பர்டிலும் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். எல்லா டி-38-களையும் தரையில் நிறுத்தினார்கள். 2018 நவம்பரில் லாஃப்லின் தளத்தில் ஒருவர், 2019 நவம்பரில் வான்ஸ் தளத்தில் இருவர், 2021 பிப்ரவரியில் மாண்ட்காமரியில் இருவர் இறந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்றால் சரிசெய்வது சுலபம். ஆனால் இந்த விமானம் இயல்பிலேயே மன்னிக்காதது. சின்ன இறக்கை, அதிக வேகம். ஓடுபாதைக்குத் திரும்பும் கடைசித் திருப்பத்தில் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் கீழே இறங்கும் வேகம் சட்டென்று கூடிவிடும், மீள உயரம் இருக்காது. எந்தப் புதிய சட்டமும் எந்தத் திரையும் இதை மாற்றவில்லை. 1950-களில் வரைந்த இறக்கை வடிவம் அப்படி.

2019 வான்ஸ் விபத்துக்குப் பிறகு செய்த மாற்றத்தைப் பாருங்கள். அது இரண்டு விமானங்கள் அருகருகே ஜோடியாகத் தரையிறங்கும் பயிற்சியில் நடந்தது. அந்தப் பயிற்சியையே மாணவர் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு போல்ட் மாற்றவில்லை. "எப்போதும் சொல்லிக்கொடுத்தோம்" என்பதைத் தவிர இன்றைய போர் விமானிக்கு அது ஏன் வேண்டும் என்பதற்கு நல்ல பதில் இல்லை என்று தெரிந்ததும் நீக்கிவிட்டார்கள். பாதுகாப்பு மேம்பாட்டில் இதுவும் அடக்கம். செலவும் இல்லை.

பேசாமல் புது விமானம் வாங்கிவிட்டால் என்ன?

வாங்கத்தான் செய்கிறார்கள். 2018 செப்டம்பரில் போயிங்குக்கு 920 கோடி டாலர் ஒப்பந்தம், 351 விமானங்கள், பெயர் டி-7ஏ ரெட் ஹாக். 2024-ல் பயிற்சிக்குத் தயாராகும் என்றார்கள். எஜெக்‌ஷன் சீட்டு சிறிய உடல்வாகு கொண்டவர்களுக்குப் பாதுகாப்பாக இல்லை என்று சோதனையில் தெரிந்தது, மென்பொருளிலும் வேலை பாக்கி. இலக்கு 2027-க்குத் தள்ளிப்போனது. தள்ளிப்போன ஒவ்வொரு வருடத்தையும் டி-38-தான் பறந்து அடைத்தது. கோப்பில் "கால தாமதம்" என்று எழுதும் சொல், ஹேங்கரில் விரிசலாக வந்து சேர்கிறது.

இன்னொன்று, புதிது என்பதற்காகப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. அமெரிக்கர்களின் தொடக்கநிலைப் பயிற்சி விமானமான டி-6, டி-38-ஐவிடப் பல பத்தாண்டுகள் இளையது. 2018 பிப்ரவரியில் விமானிகளுக்கு ஆக்சிஜன் குறைந்ததுபோன்ற மயக்கம் அடுத்தடுத்து வந்ததால் அத்தனை டி-6-களையும் கிட்டத்தட்ட ஒரு மாதம் நிறுத்திவைத்தார்கள்.

நம் நாட்டுக்கு வாருங்கள். தீபக் விமானத்தை ஏன் நிறுத்தினார்கள்?

அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல் தயாரித்த எச்பிடி-32 தீபக், 1977-ல் முதலில் பறந்து 1984-லிருந்து விமானப்படையில் புது மாணவர்கள் முதலில் ஏறிய விமானம். ஒற்றை பிஸ்டன் என்ஜின், எஜெக்‌ஷன் சீட் இல்லை. நடுவானில் என்ஜின் நின்றுபோவது இதன் தீராத நோய். எரிபொருள் என்ஜினுக்குப் போய்ச் சேரும் ஏற்பாட்டிலேயே குறை இருந்தது. மிதந்து இறங்கவும் சரியாக வராது. 17 விமானங்கள் விழுந்து 19 விமானிகள் இறந்தார்கள். 2009 ஜூலை 31 விபத்தில் இருவர் இறந்ததோடு நூற்றுக்கும் மேற்பட்ட தீபக்குகள் நின்றன. திரும்பப் பறக்கவே இல்லை.

நடுவில் ஒரு யோசனை வந்தது: விமானத்தையே தூக்கிப் பிடிக்கிற பெரிய பாராசூட்டைப் பொருத்தினால் என்ன? நல்லவேளை, அந்த வழியில் போய் இன்னும் இருபது வருடம் ஓட்டவில்லை. நோய் எரிபொருள் குழாயில் இருக்கும்போது முதுகில் குடையைக் கட்டுவது பராமரிப்பு ஆகாது. டி-38-க்குச் செய்த புதுப்பிப்பு பலன் தந்தது என்றால், அடிப்படை வடிவம் கடுமையானதாக இருந்தாலும் கோளாறானதாக இல்லை என்பதால்தான். தீபக்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

தீபக் நின்றதும் மாணவர்கள் எதில் பறந்தார்கள்?

கிரணில். இது பலருக்குத் தெரியாத பகுதி.

எச்ஜேடி-16 கிரண், விமானப் பொறியாளர் வி.எம். கட்டகே தலைமையில் பெங்களூரில் உருவாகி 1964 செப்டம்பர் 4-ல் பறந்த ஜெட். ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். தொடக்கப் பயிற்சி முடித்து வருகிறவர்களுக்கான இரண்டாம் படி அது. தீபக் நின்றதும் முதல் படியும் கிரண் தலையில் விழுந்தது. சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2 விமானங்கள் 75 வாங்க 2012 மே மாதம்தான் கையெழுத்தானது. 2013-ல் ஹைதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமிக்கு வந்து சேர்ந்தன. இடைப்பட்ட நாலு வருடமும் ஏற்கெனவே மூப்படைந்த கிரண், கைப்பழக்கமே இல்லாத மாணவர்களின் இறக்கங்களை எல்லாம் தாங்கியது. ஒரு விமானத்தை நிறுத்தினால் அதன் சுமை காற்றில் கரைவதில்லை, பக்கத்து ஹேங்கரில் நிற்பது சுமக்கிறது.

கிரணுக்கு மாற்றாக எச்ஏஎல் செய்த எச்ஜேடி-36 சிதாரா 2003 மார்ச்சில் பறந்தது. ஆனால் சுழன்று விழும் நிலையிலிருந்து மீளும் சோதனையில் பல வருடம் சிக்கிக்கொண்டது. மாணவர் விமானத்துக்கு அதைவிட முக்கியமான பரீட்சை இல்லை. வால்பகுதியை மாற்றியமைத்து, 2022-ல்தான் ஆறு சுற்று சுழன்று மீள்வதைக் காட்டினார்கள். இப்போது அதன் பெயர் யஷஸ். கிரண் இந்தக் காலம் முழுவதும் பறந்துகொண்டே இருந்தது. 2023 ஜூன் 1-ல் சாமராஜநகர் அருகே ஒரு கிரண் விழுந்தது. விமானிகள் இருவரும் எஜெக்ட் ஆகி உயிர் தப்பினார்கள். மேலே சீட் பற்றி நான் இவ்வளவு நீட்டி முழக்கியதற்கு அந்த இரண்டு பேர் சாட்சி. அதே வருடம் டிசம்பர் 4-ல் தெலங்கானாவில் விழுந்தது பிசி-7, வாங்கிப் பத்து வருடம்தான். அதில் இருவரும் இறந்தார்கள். பழசு-புதுசு கணக்கை மட்டும் வைத்து விபத்தைப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இந்தத் தாமதம் இந்தியாவில் மட்டுமா, புதிதா?

இரண்டும் இல்லை. 1982-ல் லா ஃபோன்டெய்ன் குழு போர் விமான விபத்துகளை ஆராய்ந்து, மாணவர்கள் நேராக மிக்-21 போர் விமானத்துக்குப் போகும் முன் ஒரு மேம்பட்ட ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்றது. அந்த இடத்துக்கு பிரிட்டனின் ஹாக் விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டது 2004-ல். கர்நாடகத்தின் பீதர் தளத்துக்கு வந்தது 2008-ல். இருபத்தாறு வருடம். அந்த வருடங்களில் மிக்-21-ஐப் "பறக்கும் சவப்பெட்டி" என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. பாதிக் குற்றம் ஏணியில் இல்லாத படியுடையது.

முதல் படிக்கு எச்ஏஎல்-இன் எச்டிடி-40 வருகிறது. 2016 மே 31-ல் பறந்தது. 70 விமானங்களுக்கு 2023 மார்ச்சில் ஒப்பந்தம், தொகை 6,800 கோடி ரூபாய்க்கு மேல்.

தாம்பரத்தில் என்ன நடக்கிறது?

தாம்பரத்தில் இருப்பது விமானப் பயிற்சி ஆசிரியர்களைத் தயார்செய்யும் பள்ளி. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி 1954-ல் இங்கே வந்தது. மாணவர் செய்யக்கூடிய தப்பை முன்கூட்டியே கண்டு, எந்த நொடியில் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்க வேண்டும் என்று இங்கே பழகுகிறார்கள். பழைய விமானத்தின் ஆயுளுக்கு ஹேங்கரில் இருப்பவர்கள் ஒரு காவல் என்றால், இவர்கள் இன்னொரு காவல். தடால் இறக்கத்தை அரை விநாடி முன்னால் தடுக்கிற கை இவர்களுடையது.

ஓய்வு கொடுத்த டி-38-கள் எங்கே போகின்றன?

சில, தளங்களின் வாசலில் கம்பத்தின் மேல் காட்சிக்கு நிற்கின்றன. பல, அரிசோனாவில் டூசான் நகரத்தை ஒட்டிய டேவிஸ்-மாந்தன் தளத்தின் பாலைவன வெளியில் நிற்கின்றன. மழை குறைவு, தரை கெட்டி, அரிப்பு மெதுவாகத்தான் வரும். பறந்துகொண்டிருக்கும் ஒன்றுக்கு எங்கேயும் கிடைக்காத ஒரு பாகம் தேவைப்பட்டால் அங்கே போய்க் கழற்றி வருவார்கள். கொண்டுவந்ததும் நேராகப் பொருத்திவிட மாட்டார்கள். முதலில் பெயின்ட்டைச் சுரண்டி, சாயம் தடவி, புற ஊதா விளக்கில் வைத்துப் பார்ப்பார்கள்.